யானை தின்ற மாம்பழங்கள்

தம்பி, இதை மெத்ரோவில் நின்றுகொண்டு வாசிக்காதே. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கதிரையில் இருந்து வாசி. உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை எட்டு வருடம் இழுத்துக்கொண்டு போனவன் நான்தானே. பிரெஞ்சில் எழுதலாமென்றால் என்னுடைய பிரெஞ்சு கத்தரிக்காய் விற்க மட்டும்தான் போதும். போனில் சொல்லலாமென்றால் பாதியில் "அப்பா, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுவாய். இன்னும் பன்னிரண்டு நாளில் லா கூர்னெவ் மண்டபத்தில் ஆரணியின் கழுத்தில் தாலி கட்டப்போகிறாய். கல்யாணத்துக்கு முன் தகப்பன் மகனுக்கு நாலு புத்திமதி சொல்வது வழக்கம். என்னிடம் இருப்பது நான் செய்த ஒரு வேலைதான், அதைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த ஆபிரிக்கக் காட்டில் செலினின் பைக்குள் மாம்பழத்தை வைத்தவன் நான். அவள் வைக்கவில்லை. அங்கே பழம் இருப்பதுகூட அவளுக்குத் தெரியாது. அந்தப் பழத்தைத் தேடி வந்த யானைதான் வழிகாட்டி ஜுமாவின் காலை மிதித்தது. அதைக் காரணமாகச் சொல்லித்தான் நீ செலினை விட்டாய். இன்றைக்கு யார் கேட்டாலும் அவள் பொய் சொன்னவள் என்றுதான் சொல்கிறாய். ஆரணியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். அந்தக் கதையோடு நீ மணவறையில் ஏறக்கூடாது.

அந்தப் பயணமே எனக்காகத்தான் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. உன் அம்மா கண்ணை மூடிய பிறகு நான் மார்க்ஸ் டோர்மோய் வீட்டுக்கும் லாச்சப்பலில் இருக்கிற எங்களுடைய மரக்கறிக் கடைக்கும் நடுவில்தான் கிடந்தேன். செலினை நீ முதல்முதல் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பொண்டியில் வீடு, தகப்பன் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவளுக்கும் மேரியில், அதுதான் நகரசபையில், நல்ல உத்தியோகம், எல்லாம் சரி. ஆனால் பாண்டிச்சேரிக் கிறிஸ்தவர், வேதக்காரர். வேண்டாமென்று சொல்ல எனக்கு அது போதும். அவள் போனதும் உன்னைப் பார்த்து, "உந்தப் பெட்டையின்ர தமிழைக் கேட்க எனக்குக் காது கூசுது" என்றேன். நீ சிரித்தாய். அவள்தான் என்னை வெறுக்காமல், "மாமா கடைய விட்டு வெளியவே வர்றதில்ல. ஒரு வாரம் ஒண்ணா இருந்தா பழகிடுவாரு" என்று தன்சானியாவில் கூடாரம் போட்டுத் தங்கி மிருகம் பார்க்கும் பயணத்தை ஒழுங்குசெய்தாள். கலியாணப் பேச்சு நடக்கவேண்டிய இடத்தில் அவள் சிங்கத்தையும் யானையையும் கொண்டுவந்து நிறுத்தினாள்.

வெளிக்கிடுகிற அன்றைக்குக் கடையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்து இறங்கியிருந்தது. பெட்டியைத் திறந்ததும் தெருவின் அந்தப் பக்கம் நிற்கிறவனும் திரும்பிப் பார்க்கிற பழம். எங்களுடைய ஆட்கள் எங்கே போனாலும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் போவோம், உனக்குத் தெரியும். உன் அத்தை நோர்வேக்குப் போனபோது வெந்தயத்தைச் சுங்கத்தில் பிடித்துக் கேள்வி கேட்டார்கள். நான் ஆறு பழத்தைத் தெரிந்தெடுத்து, கடையில் சும்மா கிடக்கும் தமிழ்ப் பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றி, சாரத்துக்குள் உருட்டிப் பெட்டியில் வைத்தேன். பழம் ஒன்றும் கொண்டுபோகக் கூடாது என்று நீ விமான நிலையத்தில் சொன்னாய். "என்னட்டை ஒண்டும் இல்லை" என்றேன். அந்தக் கிழமையில் நான் அந்த வசனத்தைச் சொன்ன முதல் தடவை அதுதான்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பின்னேரம் ஜுமா எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கதைத்தது நினைவிருக்கிறதா? உயரமான மனிதன், நாற்பது வயதிருக்கும், கதைக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வான். அவன் சொல்லச் சொல்ல நீ எனக்குத் தமிழில் சொன்னாய். "அப்பா, ஆரிட்டையும் பழம் இருந்தால் இப்பவே குடுக்கட்டாம். வாகனத்துப் பெட்டியில பூட்டி வைப்பினமாம். கூடாரத்துக்குள்ள வைச்சால் யானை மணத்துக்கே வருமாம். கிழிச்சுக்கொண்டு உள்ளுக்கு வருமாம். விளையாட்டில்லையாம்." நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. செலின் தன் பையைக் கொட்டிக் காட்டி இரண்டு தோடம்பழத்தை எடுத்துக் கொடுத்தாள். ஜுமா என்னைப் பார்த்தான். நான் கையை விரித்தேன். ஊர் பேர் தெரியாத ஒருத்தன் என்னுடைய கறுத்தக்கொழும்பானை வாங்கிப் பூட்டி வைப்பதா என்ற இடக்குத்தான், வேறொன்றுமில்லை. வயதுக்கு மரியாதை கொடுத்து அவன் என் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. பிறகு அவனுடைய கம்பனி அவனைக் குற்றம் சொன்னது அதற்காகத்தான்.

படுக்கிற ஒழுங்கும் என்னுடையதுதான். கலியாணம் ஆகாதவர்கள் ஒரு கூடாரத்தில் படுக்கக் கூடாது என்று நான் சொன்னபடியால் நீயும் நானும் ஒன்றில், செலின் தனியே மற்றதில். விடிய எழும்பியதும் நீ மூக்கை உறிஞ்சி, "அப்பா, மாம்பழம் மணக்குது" என்றாய். "உனக்குக் கடை மணம் மூக்குக்குள்ள போய் இருந்திட்டுது" என்றேன். அதற்குள் நான் இரண்டைத் தின்று முடித்திருந்தேன். நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வெளியே போனாய். நீ ஜுமாவிடம் சொல்லிவிடுவாயோ என்று எனக்கு யோசனை. சொல்லவில்லை. அந்தக் காலையில் நீ வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தகப்பனை ஒரு வெளியாளுக்கு முன்னால் பொய்யனாக்கக் கூடாது என்று நினைத்தாய் போல. அப்படி வளர்த்தவனும் நான்தான்.

அன்றைக்கு வாகனத்தில் போனபோது கழுதைப்புலிகள் ஒரு வரிக்குதிரைக் குட்டியைப் பிடித்ததைப் பார்த்தோம். கழுத்தைக் கடித்துக் கொல்கிற வேலையெல்லாம் அதுகளுக்கு இல்லை. பின்பக்கத்தால் தொடங்கின. குட்டி முன்கால் இரண்டையும் ஊன்றி நின்றுகொண்டு தாயைப் பார்த்தது. தாய் கொஞ்சத் தூரம் ஓடிவந்து நின்றது, பிறகு திரும்பிப்போய் மற்றதுகளோடு புல் மேயத் தொடங்கியது. செலின் முகத்தைக் கைக்குள் புதைத்து அழுதாள். நீ அவளுடைய தோளில் கை போட்டிருந்தாய். "இதுக்குத்தானே காசு குடுத்து வந்தனாங்கள், பார்க்கச் சொல்லு உவளை" என்று நான் சொன்னேன். அதை அவளுக்கு விளங்கும்படி சத்தமாகவே சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பாக்குறேன் மாமா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் அழுதுகொண்டே இருந்திருந்தால் எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில், நீங்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டியடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றபோது, மிச்சம் நாலு பழத்தையும் சுற்றின பேப்பரோடேயே எடுத்துக்கொண்டு போய்ச் செலினின் முதுகுப்பைக்குள், அவளுடைய கம்பளிச் சட்டைக்குக் கீழே வைத்தேன். அவளுடைய பையை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள், இனிப் பார்க்க மாட்டார்கள் என்பது ஒரு கணக்கு. எங்களுடைய கூடாரத்தில் மணம் தங்காது என்பது இன்னொன்று. இந்த இடத்தில்தான், தம்பி, நான் மூன்று வருடமாக நிற்கிறேன். யானை வரும் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய். எனக்கு அது தெரியும். பழத்தைக் காட்டுக்குள் எறிந்திருக்கலாம், தின்றிருக்கலாம். உன்னுடைய பை என் காலடியில் கிடந்தது, அதற்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் நீ அந்தக் கூடாரத்தில் படுக்கிறவன். அவள் சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை, கோயிலில் நின்றும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த மனது அவளைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. அது எனக்குக் கஷ்டமாகவும் இருக்கவில்லை.

யானை வந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. செலின் தலையிடி என்று கூடாரத்துக்குள் படுத்திருந்தாள். நீயும் நானும் மரத்துக்குக் கீழே மடக்குக் கதிரையில் இருந்தோம். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சத்தமும் இல்லாமல் வரும் என்று நான் நினைக்கவேயில்லை. தனி ஆண் யானை. எங்களைத் திரும்பியும் பார்க்காமல், சமையல் இடத்தையும் தாண்டி, நேரே அவளுடைய கூடாரத்துக்குப் போனது. எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. கத்தியிருக்க வேண்டும். என் வாய் திறக்கவில்லை. நீ எழும்பி நின்றாய், ஆனால் ஓடவில்லை. ஜுமாதான் ஓடினான். பின்பக்கமாய்ப் போய்க் கத்தியால் துணியைக் கிழித்து அவளை இழுத்து வெளியே தள்ளினான். அதற்குள் முன்பக்கம் யானை கூடாரத்தைத் தூக்கிவிட்டது. கயிற்றில் சிக்கி விழுந்தவனின் காலில் அது மிதித்தது. வேண்டுமென்று மிதிக்கவில்லை, அவன் அங்கே கிடக்கிறான் என்றே அதற்குத் தெரியாது. அவன் கத்திக்கொண்டு கிடக்க, அது பையைக் கிழித்து நாலு பழத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. கொட்டையைக்கூடத் துப்பவில்லை. காவலர்கள் வந்து ஆகாயத்தை நோக்கிச் சுட்ட பிறகும் அவசரப்படாமல்தான் போனது.

பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஆரணிக்குச் சொல்ல வேண்டும். செலின் கையெல்லாம் இரத்தத்தோடு, "என் பையில பழம் எப்படி வந்துச்சு? நான் வைக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆஸ்பத்திரி நடையில் வைத்துக் கம்பனி ஆள் ஒரு கடதாசியைத் தந்து நடந்ததை எழுதச் சொன்னான். நீதான் எழுதினாய். என்ன எழுதினாய் என்று கேட்டேன். "பழம் செலினின்ர பைக்குள்ள இருந்தது எண்டு எழுதினன், அப்பா" என்றாய். ஒரு சொல்லும் பொய்யில்லை. இருந்ததுதானே. நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு வரியோடு நாங்கள் இருவரும் கையைக் கழுவிக்கொண்டோம். ஜுமாவுக்கு வேலை போனது, அவளுக்குப் பெயர் போனது.

அப்படி ஒரு வரி எழுத நீ எங்கே பழகினாய் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பதினொரு வயது. கடையில் குணம் அண்ணை என்று ஒருத்தர் வேலை செய்தார், பதிவில்லாமல். நிலவறைப் படியில் அரிசி மூட்டையோடு விழுந்து மணிக்கட்டு உடைந்து நின்றபோது, பதிவில்லாத ஆட்களைப் பிடிக்கிற சோதனைக்காரர் இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். உன்னைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டேன். "உவர் சாமான் வாங்க வந்தவர், எங்களுக்குத் தெரியாத ஆள் எண்டு சொல்லு" என்றேன். உனக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு புதன்கிழமையும் றொட்டி சுட்டுத் தந்தவர் அவர். நீ கண் வெட்டாமல் பிரெஞ்சில் சொன்னாய். குணம் அண்ணை உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தானும் "ஓம், வாங்க வந்தனான்" என்று அவர்களிடம் தலையாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு தெருவால் நடந்து போனார். திரும்பி வரவில்லை. அன்றைக்கு உனக்குப் பந்தடிக்கிற சப்பாத்து வாங்கித் தந்தேன். கெட்டிக்காரன் என்று உன் அம்மாவிடமும் பெருமையாய்ப் புழுகினேன். அவள் மட்டும் அன்றைக்கு எங்களோடு இருந்து சாப்பிடவில்லை.

போன மாதம் செலின் கடைக்கு வந்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு. மாம்பழப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, முன்பெல்லாம் "மாமா" என்று கூப்பிட்ட வாயால், தெரியாத ஆளைப் பிரெஞ்சில் கூப்பிடுகிற மாதிரி, என்னை "முசியே" என்றாள். "முசியே, எனக்கு அன்னிக்கே தெரியும். கிழிஞ்ச பையில தமிழ் பேப்பர் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தமிழ் படிக்க வராது, எழுத்து தெரியும்ல." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், அதைக் கேட்கவும் எனக்கு வெட்கமில்லை. "உங்களைப் பத்தி நான் ஏன் பேசணும்? நான் உங்க மகனைத்தான் கேட்டேன். நான் வைக்கலைன்னு நம்புறியான்னு. அவரு தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அதோட முடிஞ்சிடுச்சு." ஜுமாவோடு இப்போதும் கதைக்கிறாளாம். அவனுடைய காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்களாம். போகும்போது வாசலில் நின்று, "எனக்குக் கோவம் போயிடுச்சுன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க. போகல" என்றாள். ஒன்றும் வாங்காமல் போனாள்.

அதற்கு அடுத்த கிழமை ஆரணி வந்தாள். தாலிக்கொடி பார்க்க வந்தவள், என்னைத் தனியே கூப்பிட்டு, "மாமா, அவர் முந்திப் பழகின பிள்ளை ஒரு மனுசன்ர காலை இல்லாமப் பண்ணிப்போட்டு பொய் சொன்னதாமே, உண்மையோ?" என்று கேட்டாள். நான் வெற்றிலைக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றேன். "எனக்கும் பொய் சொல்லுற ஆக்களைக் கண்ணிலயும் காட்டக் கூடாது, மாமா. அதுதான் இவரைப் பிடிச்சது" என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல பிள்ளை. பன்னிரண்டு வயதுவரை யாழ்ப்பாணத்தில் படித்தவள், முகத்தை மறைக்கத் தெரியாது. நாளைக்கு உனக்கும் எனக்கும் ஒரு பிழை வந்தால் நாங்கள் அதை அவளுடைய பைக்குள்தான் வைப்போம். நான் எடுத்துக் கொடுப்பேன், நீ வைப்பாய். அவள் நான் வைக்கவில்லை என்று கத்தும்போது நீ தரையைப் பார்ப்பாய்.

ஏனென்றால் உனக்குத் தெரியும், தம்பி. அன்றைக்கு எங்கள் மூன்று பேரில் தெரியாதவள் செலின் மட்டும்தான், அவளும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துகொண்டாள். முதல் நாள் காலையில் மணந்தது உன்னுடைய மூக்குக்குத்தான். யானை போன பிறகு கூடாரக் கிழிசலுக்குள் நீ குனிந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்தாய். எங்களுடைய பேப்பர், மரண அறிவித்தல் பக்கம், மாம்பழச் சாறு ஊறியிருந்தது. நீ அதைப் பார்த்தாய், மரத்தடியில் நின்ற என்னைப் பார்த்தாய், மடித்து உன் காற்சட்டைப் பைக்குள் வைத்தாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய். பார்த்தேன். என்னுடைய மகன் என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று அந்த இரத்தத்துக்கும் கூச்சலுக்கும் நடுவில் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தைப் போல அசிங்கமான ஒன்றை நான் அந்தக் காட்டில் காணவில்லை. அதற்குப் பிறகு நீ மாம்பழம் தொட்டதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

ஆரணியிடம் நீயே போய்ச் சொல். போனில் வேண்டாம், முகத்துக்கு முன்னால் சொல். தகப்பன் செய்தது, நான் மறைத்தது என்று இரண்டையும் சொல். அதன் பிறகும் அவள் வந்தால் தாலியைக் கட்டு. செலினிடம் போகாதே, உனக்கு அங்கே இடமில்லை. ஜுமாவுக்கு நான் எழுதுகிறேன். அதற்கு உன்னை மொழிபெயர்க்கக் கேட்க மாட்டேன், வேறு ஆளைப் பிடித்துக்கொள்வேன்.

மேலே உள்ளதை எழுதி ஒன்பது நாளாகிவிட்டது, கல்யாணத்துக்கு இனி மூன்று நாள்தான். இதை இரண்டு தரம் எழுதினேன், ஒன்று உனக்கு, மற்றது ஆரணிக்கு. அவளுடையதைக் கையெழுத்து வைத்து வாங்கும் தபாலில் அடுத்த நாளே போட்டேன். உன்னுடையதை வேண்டுமென்றுதான் பிடித்து வைத்திருந்தேன். நீ வாயைத் திறக்கிறாயா என்று பார்க்க ஒரு தரமாவது உனக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை, கடிதம் கிடைத்ததென்று அவள் கையெழுத்து வைத்த அட்டை எனக்கு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் என்னிடம் சாப்பிட வந்தீர்கள். நீ மணவறைப் பூவின் நிறத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தாய். அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாம்பழம் வெட்டி வைத்தேன். அவள் தட்டை உன் பக்கம் தள்ளி, "ஏன், உங்களுக்கு மாம்பழம் பிடிக்காதோ?" என்று கேட்டாள். "எனக்கு ஒத்துவராது, வயித்துக்கு" என்றாய். அவள் "ஓமோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் தானே சாப்பிட்டாள்.